நவம்பர் முதல் நத்தார் வரை: நாய்களோடு ஸ்காபரோவில் நடப்பது

கனடாக் குளிர் என்றதும் எல்லோரும் ஜனவரியைத்தான் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஆளை வீட்டுக்குள் முடக்கிப் போடுவது நவம்பரும் டிசம்பரின் முதல் பாதியும்தான். ஜனவரியில் பனி கொட்டிக் கிடந்தாலும் பல நாள் பளீரென்று வெயில் எறிக்கும், வெளியே போனால் மனதுக்கு ஒரு உற்சாகம் வரும். நவம்பரில் அதுகூட இல்லை. இலையெல்லாம் கொட்டி முடிந்து சேறும் சாரல் மழையுமாக இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். மறுநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது ஊரே இருண்டிருக்கும். டிசம்பர் பத்தாம் தேதியளவில், எங்கள் ஸ்காபரோ இருக்கும் ரொறன்ரோவில் பின்னேரம் 4.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் 21 அன்று இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. அதே நாள் யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்டப் பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும். ஊரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வித்தியாசம் கட்டாயம் தெரியும்.

இந்த ஆறேழு வாரத்தை வெளியே நடந்து கடந்துவிட்டால் மிச்சக் குளிர்காலம் தானாகப் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். அக்டோபரில் நடந்துகொண்டிருந்தவர்கள் நவம்பரில் ஒரு வாரம் விட்டால், பிறகு அவர்களைச் சித்திரையில்தான் பார்க்கலாம். எங்கள் தெருவிலேயே அப்படி எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். நான் விடாமல் நடப்பதற்குக் காரணம் என் மனவுறுதி இல்லை. ஒரு நாயும் வாசலில் காத்து நிற்கும் நாலைந்து பேரும்தான் காரணம்.

எங்கள் கூட்டத்தைச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், டிரக் ஓட்டும் அண்ணை ஒருவர், ஊரில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர், பக்கத்து வீட்டுக் கயானாக்காரப் பெண்மணி, பிறகு நான். அக்காவிடம் டொமி என்ற லாப்ரடோர். பக்கத்து வீட்டாரிடம் வயது போன பீகிள் ஒன்று. என்னிடம் கறுப்பி. கறுப்பி யாழ்ப்பாணத்துத் தெருநாய். கைவிடப்பட்ட நாய்களைத் தத்துக் கொடுக்கிறவர்கள் மூலம் கனடா வந்தவள். 2022 செப்டம்பர் 28 முதல், நாய் விசர்நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக் கொடுக்கவோ நாய்களைக் கொண்டுவருவதைக் கனடா நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இந்தியாவும் உண்டு. கறுப்பி அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள்.

நாங்கள் சந்திக்கும் முறை மிகவும் எளிமையானது. சனி, ஞாயிறு காலை எட்டரைக்கு ஒரே இடம். எட்டு மணிக்கு முன் வைத்தால் டிசம்பரில் பொழுது சரியாக விடிந்திருக்காது. கிழமை நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்கு, லைட் உள்ள தெருக்களில் அரை மணித்தியாலம். வாட்ஸ்அப் குழுவில் "இன்றைக்கு நடக்கிறோமா?" என்று யாரும் கேட்பதில்லை. பேச்சில்லை என்றால் எல்லோரும் வருகிறார்கள் என்று பொருள். வர முடியாதவர் முதல்நாள் இரவே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு ஒழுங்கை மாஸ்டர்தான் கொண்டுவந்தார். காலையில் யன்னலால் எட்டிப் பார்த்து முடிவெடுக்கத் தொடங்கினால் நவம்பரில் ஒரு நாளும் வெளிக்கிட மனம் வராது, அதனால் முடிவை இரவே எடுத்து வையுங்கள் என்றார். "எட்டரை மணிக்கு நான் வாசலில் நிற்பேன் தங்கச்சி, நீங்கள் வராவிட்டால் நான் குளிரில் நிற்க வேண்டியதுதான்" என்று அவர் சொன்னபிறகு எப்படிப் படுத்திருப்பது?

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. தோலை ஒட்டிப் பருத்தி போடாதீர்கள். வேகமாக நடந்தால் குளிரிலும் வியர்க்கும், அந்த வியர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளும். கதைப்பதற்கு நின்றதும் முதுகு விறைத்துப் போகும். மெல்லிய கம்பளி அல்லது விளையாட்டுக்காரர்கள் போடும் சிந்தெற்றிக் பனியன், அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜக்கெற். இது போதும். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதுதான் பத்து நிமிடத்தில் சரியாக இருக்கும். சொக்ஸும் கம்பளியாக இருக்கட்டும். இரண்டு சொக்ஸ் போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் இரத்தோட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

சப்பாத்துக்கு மேல் மாட்டும் ஆணிப் பட்டி ஒன்றை நவம்பரிலேயே வாங்கி ஜக்கெற் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதை ஐஸ் கிளீற்ஸ் என்பார்கள். முன்குளிர்காலத்தில் வழுக்குவது பனியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸில்தான். பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 3 என்று ஆடிக்கொண்டிருக்கும் நாட்களில் உருகிய தண்ணீர் இரவில் கண்ணாடியாக உறைந்துவிடும். அதற்கு மேல் இலை விழுந்து மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது. மரப்பாலங்களில் எப்போதும் கவனம் வேண்டும். கீழாலும் குளிர்காற்று ஓடுவதால் தரைக்கு முன்னமே பாலம் உறையும். அந்த இடங்களில் பென்குயின்போல, கால்களைக் கொஞ்சம் அகட்டி, சின்ன அடியாக, உடம்புப் பாரத்தை முன்காலில் வைத்து நடப்போம்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லீஷை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இடுப்பில் கட்டிக்கொள்வோரும் உண்டு. ஐஸ் நாட்களில் இரண்டும் ஆபத்து. அணிலைக் கண்டால் டொமி ஒரே இழுவை இழுப்பான். அக்காவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி விழுந்து மணிக்கட்டு வெடித்தது. இப்போது கைப்பிடியை உள்ளங்கையில் மட்டும் பிடிக்கிறார். நாய்க்குக் கழுத்துப்பட்டிக்குப் பதில், நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் போட்டிருக்கிறார். இழுத்தால் நாய் தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிடும், பிடித்திருப்பவர் விழுவது குறையும். நீண்டு சுருங்கும் லீஷ் இந்தக் காலத்துக்கு வேண்டவே வேண்டாம். ரொறன்ரோ நகரச் சட்டப்படியும் லீஷ் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

இனி நாய்களின் குளிர். நாய்க்கு மயிர் இருக்கிறதுதானே, அதற்கென்ன குளிர் என்று நம்மவர்கள் கேட்பார்கள். டொமிக்கு அது சரி. லாப்ரடோருக்கு இரண்டு அடுக்கு மயிர், உள்ளே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு உண்டு. மைனஸ் பத்திலும் அவன் பனியில் புரளுவான். கறுப்பிக்கு இருப்பது ஒரே அடுக்கு, அதுவும் குட்டை மயிர். வெயில் ஊருக்கு ஏற்ற உடம்பு அது. சுழியத்துக்குக் கீழே போனதும் அவளுக்குக் கோட் போடுகிறேன். கழுத்திலிருந்து வால் அடி வரை மூடி, வயிற்றுக்கு அடியாலும் வரும் கோட்டாகப் பார்த்து வாங்குங்கள். முதுகை மட்டும் மூடுவது போதாது, மயிர் குறைந்த வயிறுதான் முதலில் குளிரும். நனைந்த கோட் கோட் இல்லாததைவிட மோசம் என்பதால் இரண்டு வைத்திருக்கிறேன். வயது போன நாய்க்கும், மெலிந்த நாய்க்கும், குட்டிக்கும் இதே கவனம் வேண்டும். பீகிளுக்கு மூட்டுவலி. அதற்குக் குளிர் கூடினால் முதல் ஐந்து நிமிடம் நொண்டும், அதனால் எல்லோரும் அதன் வேகத்திலேயே நடையைத் தொடங்குகிறோம்.

நாய் வாயால் சொல்லாது, ஆனால் காட்டும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு மற்றக் காலைத் தூக்கும். முதுகை வளைத்து வாலை இடுக்கும். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து நிற்கும். நடுக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் அடையாளத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

காலைத் தூக்குவதற்குப் பாதிக் காரணம் குளிர், மீதிக் காரணம் உப்பு. நவம்பர் கடைசியில் முதல் ஐஸ் எச்சரிக்கை வந்தவுடனே நடைபாதையிலும் கடை வாசலிலும் கைப்பிடி கைப்பிடியாக உப்பை அள்ளி வீசுவார்கள். நாயின் பாதத்தில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அது எரியும். வீட்டுக்கு வந்து நக்கினால் வயிற்றுக்குள் போகும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வாசலில் ஒரு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், பக்கத்தில் பழைய துவாய் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலாக முக்கி எடுத்து, விரல்களுக்கு நடுவே துவாயின் நுனியை விட்டுத் துடைக்க வேண்டும். அங்கேதான் உப்புக் கட்டி ஒளிந்திருக்கும். பனி பெய்த நாட்களில் அதே இடத்தில் மயிரோடு சேர்ந்து சின்னச் சின்ன ஐஸ் உருண்டைகள் பிடித்திருக்கும். பிடுங்கினால் மயிரோடு வரும், நாய் கத்தும். உள்ளங்கைச் சூட்டில் அந்தப் பாதத்தை அரை நிமிடம் பொத்திப் பிடித்திருங்கள், உருண்டை நழுவி வந்துவிடும். விரலிடை மயிரை நவம்பரிலேயே கத்தரித்து விட்டால் உருண்டை பிடிப்பது குறையும். வெளிக்கிட முன் பாத மெழுகு தடவுவதும் உதவும்.

நாய்ச் சப்பாத்துகளில் தடித்த அடி வைத்தவற்றைக் கறுப்பி ஏற்கவே இல்லை. பலூன் மாதிரி மெல்லிய ரப்பரில் வருவதுதான் அவளுக்குச் சரிவந்தது. தரை அவள் காலுக்குத் தெரிகிறது, கழன்று விழுவதும் குறைவு. பழக்குவதற்கு அவசரப்படக் கூடாது. முதலில் ஒரு காலுக்கு மட்டும், வீட்டுக்குள், சாப்பிடும் நேரத்தில். அடுத்த நாள் இரண்டு காலுக்கு. பனி வரமுன் பழகிவிட வேண்டும் என்பதால் அக்டோபரில் தொடங்குவது நல்லது. ஒன்று கவனியுங்கள்: அந்த ரப்பர் இறுக்கமானது, நடை முடிந்ததும் உடனே கழற்றிவிட வேண்டும்.

கார் நிறுத்துமிடங்களில் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ ஏதாவது சிந்திக் கிடந்தால் நாயை இழுத்துக்கொண்டு விலகிப் போங்கள். அது கார் என்ஜின் உறையாமல் இருக்க ஊற்றும் அன்ரிஃபிரீசாக இருக்கலாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், நாய் விரும்பி நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நக்கியதாகச் சந்தேகம் வந்தாலும் அந்த நிமிடமே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும்.

வார இறுதிகளில் நாங்கள் அதிகம் போவது றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு. 2015இல் சட்டப்படி உருவான, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. எங்களுக்குப் பிடித்தது மாஸ்ட் பாதை. இருநூறு வருடங்களுக்கு முன் கப்பல்களுக்குப் பாய்மரம் வெட்டி இழுத்துப் போன வழி அது. மாஸ்ட் என்றால் பாய்மரம், அதனால்தான் அந்தப் பெயர். இலை கொட்டியபிறகு அங்கே நடப்பது தனி அழகு. கோடையில் இலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் அந்த உச்சியில் நின்றுதான் பிளாஸ்கைத் திறப்பார். இஞ்சியும் மல்லியும் போட்ட வெறும் தேத்தண்ணி. நாய்களுக்கு நான் வேறு போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோவேன். குளிரில் நாய்க்குத் தாகம் எடுக்காது என்று நினைப்பது பிழை. பனியைத் தின்பதால் அந்தத் தாகம் தீராது, வயிறுதான் குளிரும்.

றூஜ் முழுவதும் நாயை லீஷில்தான் வைத்திருக்க வேண்டும். இதை மீறுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அங்கே மான் உண்டு, ஓநாய் இனத்துக் கொயோட்டி உண்டு. சின்ன நாய் முன்னால் ஓடிப்போய்க் கொயோட்டியின் முன்னால் நின்றால் யாரைக் குறை சொல்வது? எதிரே கொயோட்டி வந்தால் ஓடாதீர்கள். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திப் பெரிதாகச் சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னால் நடந்து விலகுங்கள். நாயை அவிழ்த்து ஓடவிட ஆசைப்பட்டால் பிரிம்லி வீதியில் தொம்சன் மெமோரியல் பூங்காவில் அதற்கென்று வேலி போட்ட இடம் இருக்கிறது. வார நடுவில் டொமியை அக்கா அங்கே கொண்டுபோவார்.

குளிர் வந்ததும் உண்ணி செத்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி, வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் போகும் எந்த நாளிலும் புல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். வளர்ந்த உண்ணிகள் கூடுதலாக நடமாடுவதே அக்டோபர், நவம்பரில்தான். றூஜ் பகுதியில் அவை நிலைபெற்று இருக்கின்றன. எனவே உண்ணி மருந்தை செப்டம்பரோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்டுத் தொடருங்கள். நடந்து வந்ததும் நாயின் காதுமடல், அக்குள், விரலிடை, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உங்கள் முழங்கால் மடிப்பையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

டிசம்பரில் குளங்களும் ஓடைக் கரையும் உறைந்து கிடக்கும். அந்த ஐஸில் மனிதரும் கால் வைக்கக் கூடாது, நாயும் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீருக்கு மேல் இருக்கும் ஐஸை எந்த மாதத்திலும் நம்ப முடியாது. நாய் விழுந்துவிட்டால் பின்னால் பாய்ந்துவிடாமல் 911க்கு அடியுங்கள். கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், பல நாய்கள் தாமாகவே ஏறிவிடும். நாயைக் காப்பாற்றப் போன ஆள் திரும்பாத கதைகள் இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியில் வருகின்றன.

கிழமை நாட்களின் இருட்டு நடைக்கு ஒரே ஒரு கவலைதான்: கார். எங்கள் எல்லோருடைய ஜக்கெற்றும் கறுப்பு. கறுப்பியும் கறுப்பு. டிரக் அண்ணைதான் ஒருநாள் ரோட்டின் மறுபக்கம் வண்டியில் இருந்து பார்த்துவிட்டு, "நீங்கள் வருகிறது தெரியவே இல்லை, இரண்டு கண் மட்டும் மினுங்கினது" என்றார். அடுத்த நாளே டொலராமாவில் எல்லோருக்கும் ஒளிதெறிக்கும் பட்டி வாங்கி வந்தார். நாய்களுக்கு மின்விளக்குக் கழுத்துப்பட்டி. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதால் வெளிக்கிட முன் அதைச் சார்ஜ் பண்ண வேண்டும், ஃபோனை உள் பொக்கற்றில் வைக்க வேண்டும்.

மின்கம்பி வழித்தடத்தில் போட்ட மெடோவே பாதையும் எங்களுக்குப் பக்கம்தான். அது வெட்டவெளி, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 13 போலிருக்கும். அப்படியான நாளில் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுவோம். மோர்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் ஓடையோரம் காற்று பாதியாகக் குறைந்துவிடும். வெட்டவெளியில் நடக்கத்தான் வேண்டுமென்றால் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது அது முதுகில் படும்படி திரும்புங்கள். வியர்த்த முகத்தில் எதிர்க்காற்று அடிக்கும் வேதனை இருக்காது.

மாஸ்டருக்கு நீரிழிவு. நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது சீனி இறங்கினால் வரும் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துவிடலாம். அவர் பொக்கற்றில் எப்போதும் குளுக்கோஸ் வில்லை இருக்கும், எது எந்தப் பொக்கற் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சீனி பார்க்கும் கருவி கடுங்குளிரில் பிழை காட்டும், அதனால் அதை உடம்போடு ஒட்டி வைக்கிறார். இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது, காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் சொக்ஸைக் கழற்றிக் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் குளிரில் வேகமாகத் தொடங்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வெளியே இறங்கட்டும், மூக்கையும் வாயையும் சால்வையால் மூடட்டும்.

எங்கள் ஒழுங்கில் ஒரே ஒரு விதிவிலக்கு உறைமழை. மழையாக விழுந்து பட்ட இடத்தில் ஐஸாகிவிடும் மழை அது. 2013 டிசம்பர் 21, 22இல் பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் மரங்கள் முறிந்து விழுந்து, இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. நத்தாருக்கும் இருட்டில் இருந்தவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை வந்தால் நடை கிடையாது. நாயைக் கொல்லைப்புறம் விட்டு உடனே கூப்பிடுவோம். பிறகு வீட்டுக்குள் அதன் சாப்பாட்டை நாலைந்து இடத்தில் ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க விடுவோம். இருபது நிமிடம் மூக்குக்கு வேலை கொடுத்தால் கறுப்பி களைத்துப் படுத்துவிடுவாள். ஸ்காபரோ ரவுன் சென்ரர் போன்ற மோல்களில் காலையில் நடக்கலாம்.

போன வருடம் வவுனியாவிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அடித்தள அறை வாடகை, இரவில் வேர்ஹவுஸ் வேலை, பகல் முழுக்க உறக்கம். நவம்பர் முழுவதும் வெளிச்சமே பார்க்கவில்லை என்றார். முகம் அப்படியே சோர்ந்து கிடந்தது. அவரிடம் நாய் இல்லை, நல்ல ஜக்கெற்றும் இல்லை. டிரக் அண்ணை தன் பழைய ஜக்கெற்றைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருந்ததால் பீகிளைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தம்பி வேலை முடிந்து வந்த கையோடு, படுக்க முன், அதைக் கூட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் எங்களோடு நடந்தார். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதாலோ, யாரோடாவது தமிழில் கதைத்ததாலோ, பீகிளாலோ, இரண்டு மூன்று கிழமையில் ஆள் நன்றாகத் தெளிந்துவிட்டார். அப்படியும் தெளியாமல் பாரமாகவே இருப்பவர்கள் வைத்தியரிடம் பேச வேண்டும், நடை அதற்கு மாற்று இல்லை.

இந்த வருடம் அந்தப் பெண்மணி தானே நடக்க வந்துவிட்டார். ஆனாலும் சனிக்கிழமைகளில் பீகிளின் லீஷ் தம்பியின் கையில்தான்.